வால்நட் துவக்கு

பத்மராணியின் தாய் கேட்டது ஒரு படம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நீலக் கடுதாசியில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப்போனது, சினை ஆடு விழுந்து எழும்பினது எல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஓரத்து வெள்ளையில் நெருக்கி எழுதியிருந்தாள். ‘மருமகன் மெலிந்துபோனார் என்று சனம் கதைக்குது. புதுப் படம் ஒன்று அனுப்பு பிள்ளை. கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கவேணும்.’

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவள் புருஷன் பேரின்பநாதன் கமெராவுக்கு முன்னால் நின்றால் பொலிஸ் விசாரணைக்கு நிற்பவன் மாதிரித்தான் நிற்பான். கலியாணப் படத்தில்கூட அப்படித்தான். சப்பாத்துப் பெட்டியில் கிடந்த படங்களை எல்லாம் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்த்தபோது, பல் தெரியச் சிரித்தபடி அவன் நின்றது ஒன்றில் மட்டும். லிவர்மோருக்கு அப்பால், புல் காய்ந்த மேட்டில் எடுத்தது. காக்கிச் சட்டை, வட்டத் தொப்பி, நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கு. முகம் நிறையச் சிரிப்பு. அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும் என்று அவள் நினைத்தாள். உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

அந்தத் துவக்கு சுடாது.

பேரின்பநாதன் பக்கத்து ஊரில் ஓர் இயந்திரப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அங்கே அவனோடு வேலை செய்த வால்ட் என்ற வெள்ளைக்காரக் கிழவருக்கு இரண்டாம் உலக யுத்தத்தின் மேல் பைத்தியம். அவரைப்போலக் கொஞ்சம் பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் அடிப்பார்கள். பழைய உடுப்புப் போட்டு, தகர டப்பா இறைச்சி தின்று, ஆளை ஆள் சுடுகிறமாதிரி விளையாடி, பின்னேரம் எல்லாரும் ஒன்றாக இருந்து பியர் குடிப்பார்கள். ஜெர்மன்காரனாக நிற்க ஆள் இருந்தது, அமெரிக்கனாக நிற்கவும் இருந்தது. பிரிட்டிஷ் பக்கம்தான் ஆள் போதாது. “நீங்கள் முந்தி அவங்களுக்குக் கீழதானே இருந்தனீங்கள்?” என்று கேட்டு வால்ட் இவனைச் சேர்த்துக்கொண்டார். பேரின்பநாதன் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மற்றவர்கள் பழைய உண்மைத் துவக்குகளில் வெற்றுத் தோட்டா போட்டு வெடிப்பார்கள். கிரீன் கார்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறவன் துவக்கு வாங்குவதா என்று இவனுக்குப் பயம். அதனால்தான் தானே ஒன்று செய்யத் தொடங்கினான். ‘த்ரீ நாட் த்ரீ’ என்று ஊரில் சொல்லும் லீ-என்ஃபீல்ட் துவக்கு. வால்டுக்கு அது சரித்திரம். பேரின்பநாதனுக்கு அது ஊர்ப் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறவனின் தோளில் தொங்கிய சாமான். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்தது. அடிக்கட்டை எங்கே வளையும், பித்தளைத் தகடு எங்கே தேயும் என்பது அவன் கண்ணுக்குள் இருந்தது.

வால்நட் தோட்டம் ஒன்றை அழித்து வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு பலகை வாங்கிவந்தான். கராஜில் வைத்துச் செதுக்கினான். குழலுக்கு ஓட்டை கிடையாது. உருக்குக் கம்பி ஒன்றைக் கடைந்து, வாயில் மட்டும் ஒரு விரற்கணு ஆழத்துக்குத் துளைத்தான். பூட்டு முன்னும் பின்னும் போகும், சடக்கென்று சத்தமும் போடும். உள்ளே தோட்டாவை அடிக்கிற ஊசி இல்லை.

எலக்ட்ரானிக் கம்பனியில் நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே ஈயம் பற்றவைத்துவிட்டு வருகிற பத்மராணிக்குப் பின்னேரத்தில் கண் எரியும். தேநீரோடு கராஜுக்குப் போய், கவிழ்த்துவைத்த வாளியில் உட்காருவாள். லின்சீட் எண்ணெயைத் துணியில் தோய்த்து அவன் கொடுப்பான். அவள் அந்த மரத்தைத் தேய்ப்பாள். மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துச் சிவந்து வந்தது. என்ன கதைத்தார்கள் என்று இப்போது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கலியாணம் செய்த பிறகு இருவரும் அவ்வளவு கதைத்த காலம் வேறு இல்லை.

“பத்தடி தள்ளி நிண்டு பாத்தால் இது செய்த சாமான் எண்டு ஒருத்தனும் சொல்லமாட்டானாம். வால்ட் சொல்லுறார்,” என்றான் செய்து முடித்த அன்று.

“அஞ்சடியில நிண்டாலும் சொல்லமாட்டினம்,” என்றாள் அவள். அவளுக்கும் பெருமைதான்.

எண்பத்தாறாம் வருஷம், மழை விட்டு மலைகள் பச்சையாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தோனிப்பிள்ளை அப்புக்காத்து, அவளுடைய தகப்பனின் பழைய சிநேகிதர், வழக்கறிஞர். அவர் இதுவரை இந்த வீட்டுக்கு எடுத்ததே இல்லை.

“பிள்ளை, பதறாதை. உன்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

“யோகனையோ? ஏன்? அவன் ஒரு இடமும் போறேல்லையே!”

“ஆமிக்காரங்கள் சுத்திவளைச்சவங்கள். வீடு வீடாப் பாத்தவங்கள். உங்கட வீட்டு அலுமாரிக்குள்ளை ஒரு படம் இருந்ததாம். உன்ர மனுசன் துவக்கோடை நிக்கிறாராமே?”

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“கொம்மாட்டைக் கேட்டிருக்கிறாங்கள், இது ஆர் எண்டு. அவ பாவம், மருமோன், அமெரிக்கா எண்டு சொல்லிப்போட்டா. பொலிஸிட்டப் பறிச்ச துவக்கு எண்டு சொல்லுறாங்கள். அங்கை நிண்டு இயக்கத்துக்குப் பயிற்சி குடுக்கிறாராம். தம்பி சிரிச்சுக்கொண்டு சொன்னவனாம், ஐயா இது அத்தான் செய்த விளையாட்டுச் சாமான் எண்டு. சிரிச்சதுக்குத்தான் முதல் அடி விழுந்ததாம்.”

“அது சுடாது மாமா. ஓட்டையே இல்லை.”

“அதை எனக்குச் சொல்லி என்ன செய்ய? காட்டு. படம் எடுத்து, ஆரும் பெரியாக்களிட்டக் கையெழுத்து வாங்கி, கெதியா அனுப்பு. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

ரிசீவரை வைத்தபோது பேரின்பநாதன் கதவடியில் நின்றான். அவள் சொன்னாள். கேட்டு முடிந்ததும் அவன் வாயில் வந்த முதல் வார்த்தை, “என்ர பேரைச் சொல்லிப்போட்டினமோ?”

அவள் அவனைப் பார்த்தாள். அவனும் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் கேள்வி பிறகு பல நாள் அந்த வீட்டுக்குள் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கேட்டவன்மேல் கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் படத்தை உறையில் போட்டு, முத்திரையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டியது அவள். சிரிக்கிறான் என்பதற்காக அதைத் தேர்ந்தவளும் அவள்தான். கோபம் அவனிடம் போகப் புறப்படும். பாதி வழியில் திரும்பி அவளிடமே வந்துவிடும்.

பக்கத்து வீட்டு அல்போன்சா மீன் குழம்போடு வந்தாள். தூத்துக்குடிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். சத்தமாகப் பேசுகிறவள்.

“பத்மாக்கா, என்ன ஆச்சு? கண்ணெல்லாம் இப்படி வீங்கிப் போச்சு?”

பத்மராணி சொல்லச் சொல்ல அவள் இடையிடையே மறித்துக் கேட்டாள். “துவக்குன்னா? துப்பாக்கியா? கராஜ்ல அண்ணன் வச்சிருக்காரே அதுவா? அக்கா, அது டாய் மாதிரிதானே! நானே தூக்கிப் பார்த்தேனே, உலக்கை கனம். எக்ஸ்ப்ளைன் பண்ணா உடனே விட்டுடுவாங்க. நம்ம ஊர் போலீஸ்கூட கொஞ்சம் கத்திட்டு விட்டுருவான்.”

“இது உங்கட ஊர் இல்லை அல்போன்சா.”

அல்போன்சா குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தாள். “நோட்டரி சைன் வேணும்ல? எங்க பில்லிங் ஆபீஸ்ல ஒரு அம்மா பண்றாங்க. நான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன். முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. நீங்க பட்டினி கிடந்தா அவங்க விட்டுடுவாங்களா?” என்றாள்.

வால்ட் தன் சங்கத்தின் பேரில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்துகொடுத்தார். இது காட்சிப் பொருள், இதைக் கொண்டு சுட முடியாது, செய்தவன் நேர்மையான மனிதன் என்று எழுதியிருந்தார். யாரோ ஒரு பையனை இதற்காக எங்கோ அடைத்துவைத்திருக்கிறார்கள் என்பதை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. “ஆனால் இது போலிதானே? போலிதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேரின்பநாதன் ஒவ்வொரு முறையும் “ஓம்” என்றான், தமிழில்.

படம் எடுக்கிறதில்தான் சிக்கல். எப்படி எடுத்தாலும் அது துவக்காகவே இருந்தது. மேசையில் கிடத்தினால் துவக்கு. வெயிலில் சாய்த்தால் துவக்கு. வாய்ப்பக்கத்தைக் கிட்டப் பிடித்தால், அந்த விரற்கணு ஆழம் கறுப்பாக, அடியில்லாதது மாதிரித் தெரிந்தது. பித்தளையின் தேய்வு, மரத்தில் அவன் வேண்டுமென்றே போட்ட கீறல், எல்லாம் செய்தவனுக்கே எதிராகச் சாட்சி சொல்லின.

“வெட்டவேணும்,” என்றான் பேரின்பநாதன்.

வெட்டு என்று அவளே சொல்ல நினைத்திருந்தாள். அவன் சொன்னதும், மரத்தில் தான் எண்ணெய் தேய்த்த இடத்தை விரலால் தடவினாள்.

கராஜ் கதவை உயர்த்தி வெளிச்சம் உள்ளே வரவிட்டான். குழலை மேசைக் குறட்டில் இறுக்கினான். கீறல் விழாமல் இருக்கக் குறட்டின் பல்லுக்கு வழக்கம்போலத் துணி வைத்தான். பிறகு அந்தத் துணியைப் பார்த்தான். எடுக்கவில்லை.

“அந்த நுனியைப் பிடியும். ஆடாமல்.”

அவள் பிடித்தாள். அவன் இரும்பு வாளால் அறுத்தான். உருக்கு லேசில் விடவில்லை. அவனுடைய மூச்சும் வாளின் கிறீச்சும் மட்டும் கேட்டன. எண்ணெய் விட்டான், திரும்ப அறுத்தான். உள்ளங்கைக்குள் அந்த அதிர்வு ஏறி அவளுடைய முழங்கை வரைக்கும் வந்தது. ஊரில் பின்னேரங்களில் யோகன் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் செயினுக்கு எண்ணெய் போடுவான். பெடலைச் சுற்றச் சொல்லி அவளைக் கூப்பிடுவான். “அக்கா, மெதுவா. மெதுவா எண்டால் உனக்கு விளங்காதோ?” என்பான். அவன் பிறந்தபோது அவளுக்குப் பத்து வயது. இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவள்.

குழல் இரண்டாக விழுந்தது. வெட்டு முகம் புதுக் காசு மாதிரி மினுங்கியது. வட்டம் முழுக்க இரும்பு, நடுவில் ஒரு பொட்டுத் துளைகூட இல்லை.

“பாத்தீரா? முழுக் கம்பி. இதை ஆரும் மறுக்கேலாது,” என்றான். அவன் குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. பிறகு பூட்டை வெட்டினான். அடிக்கட்டையை நெடுக்காகப் பிளந்தான். வால்நட் மரம் உள்ளே இளம் மண்ணிறமாக இருந்தது. அவள் தேய்த்த எண்ணெய் மேல்தோலுக்குக் கீழே மெல்லிய கோடாக மட்டும் இறங்கியிருந்தது.

எல்லாம் வெட்டி முடிந்த பிறகு அவன் அரத்தை எடுத்து, வெட்டு விளிம்பை மெல்ல ராவத் தொடங்கினான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “இப்பவும் அரம் போடுறியளோ? ஆருக்கு? ஆர் வந்து பாக்கப்போறான் வடிவு?”

“கையை வெட்டும் பத்மா.”

“வெட்டட்டும்!”

அவன் அரத்தைக் கீழே வைத்தான். “நான் இதைச் செய்யாமல் விட்டிருக்கலாம்,” என்றான்.

நான் அனுப்பாமல் விட்டிருக்கலாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் அவன் காத்திருந்தானோ என்னவோ. அவள் கமெராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். துண்டுகளுக்குப் பக்கத்தில் அன்றைய பேப்பரையும் அளவு காட்ட அடிமட்டத்தையும் வைத்து, ஃபிலிம் முடியும்வரை எடுத்தாள்.

படம் கழுவிக் கொடுக்கும் கடையில் இருந்த பையன் உறையை நீட்டும்போது ஆங்கிலத்தில் சொன்னான், “அருமையான துவக்கு அம்மா. இதைப்போய் ஏன் வெட்டினீர்கள்?” காருக்குள் ஏறிப் பத்மராணி படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். வெட்டிய பிறகும் அது துவக்காகத்தான் இருந்ததா?

அல்போன்சாவோடு போய்க் கையெழுத்து வாங்கி, விமானக் கூரியரில் அனுப்பினார்கள். பிறகு காத்திருப்பு.

பேரின்பநாதன் இரவு ஷிஃப்ட்டுக்கு மாறினான். விடியப்புறம் தொலைபேசி வந்தால் அவள் வீட்டில் நிற்பாள், பகலில் வந்தால் தான் நிற்பதாகச் சொன்னான். உண்மையில் இரவில் ஒரே கட்டிலில் விழித்துக் கிடப்பது இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருந்தது. லிவர்மோருக்குப் போவது நின்றுபோனது. துவக்குத் துண்டுகளை அவன் எங்கே வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. கம்பனியில் ஈயம் பற்றவைக்கும்போது அவளுக்குப் புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணாடி போடச் சொல்லி மேற்பார்வைக்காரி சொன்னாள்.

தாய் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் சோற்றுப் பொட்டலத்தோடு போய் நிற்கிறாள் என்று ஒரு கடிதம் வந்தது. பொட்டலத்தை வாங்குகிறார்களாம். வாங்குகிறார்கள் என்றால் அவன் உள்ளே இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று தாய் எழுதியிருந்தாள். அதை வாசித்த அன்று இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

தொலைபேசி வந்தபோது பத்மராணி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவன் ஷிஃப்ட் முடிந்து பசியோடு வரும் நேரம். வெளியே விரிகுடாப் பக்கத்துப் பனி இறங்கித் தெருவிளக்கெல்லாம் மங்கிக் கிடந்தது.

“பிள்ளை, நான் அந்தோனிப்பிள்ளை.”

“சொல்லுங்கோ மாமா.”

“படங்களைக் குடுத்தனான். பெரியவன் ஒருத்தன் வடிவாப் பாத்தவன். நம்பிட்டான். இதைச் செய்தவன் நல்ல வேலைக்காரன் எண்டுகூடச் சொன்னான். உன்ர மனுசன்ர பேரை அழிச்சுப்போட்டாங்கள்.”

“அப்ப தம்பியை விடுவினமோ?”

கம்பியில் கடல் இரைகிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும்.

“பிள்ளை, தம்பி அங்கை இல்லை. பிடிச்ச அண்டைக்கே… படம் அங்கை போறதுக்குக் கனநாளைக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. பேரை வெட்டுறதுக்குப் பதிவைத் திறந்தபோதுதான் எனக்கே காட்டினவங்கள்.”

“சோத்துப் பொட்டலம் வாங்கினவையே.”

“ஓம். வாங்கினவங்கள்தான். கொம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். இஞ்சை நிக்கிறா. கதை.”

தாய் அழவில்லை. அழுது முடித்த தொண்டை. “பத்மா, மருமோனைப் பேசாதை பிள்ளை. அவருக்கு இனி ஒண்டும் வராதாம். நான்தானே படம் கேட்டனான்.”

“அம்மா…”

“அவர் தாங்கமாட்டார். பாத்துச் சொல்லு. என்ன?”

அம்மா, அனுப்பினது நான் என்று சொல்ல வாயெடுத்தாள். இணைப்பு அறுந்துவிட்டது.

அடுப்பில் புட்டுக் குழலிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது. அவள் அதைத் தட்டிச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. சாவுச் செய்தி வந்த வீட்டில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அவள் முட்டையையும் பொரித்தாள்.

கார் வந்து நின்றது. பேரின்பநாதன் சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டான். “போன் வந்ததோ?”

“வந்தது.”

அவன் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு நின்றான். “நம்பினவையோ?”

“நம்பினவையாம்.”

அவன் சுவரில் சாய்ந்தான். கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்த மேட்டில் சிரித்த அதே மாதிரி, பல் தெரிய. “நான் சொன்னனான் பத்மா. முழுக் கம்பி. மறுக்கேலாது.”

இப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. சாப்பிடுங்கோ,” என்றாள்.

அவன் மேசையில் இருந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு மனிதன் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டான். புட்டை முட்டைப் பொரியலோடு பிசைந்து, சம்பலைத் தொட்டு, வாயில் வைத்தபடியே பேசினான்.

“வந்தவுடனை கொழும்பில வச்சிருக்கச் சொல்லும். ஊருக்குத் திரும்ப அனுப்ப வேண்டாம். இந்தியாவுக்கு எடுப்பம், பேந்து இஞ்சை. கிரீன் கார்டு வந்து, பேந்து சிட்டிசன் ஆனால் நீர் ஸ்பொன்சர் செய்யலாம். என்ன?”

“ஓம்.”

“பட்டறையில கதைச்சுப் பாக்கிறன். அவனுக்குக் கை நல்ல கை. சைக்கிளை எப்பிடிக் கழட்டிப் பூட்டுவான். ஒரு மாதத்தில லேத் பிடிச்சிடுவான்.”

“எந்த அறை குடுப்பம்?” என்று அவள் கேட்டாள்.

தான் ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன்மேல் வைத்த இரக்கமா? என்ர பேரைச் சொல்லிப்போட்டினமோ என்று கேட்டவனை இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் பிறகு தள்ளுகிற ஆத்திரமா? இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. இந்த உலகத்தில் யோகன் இன்னும் உயிரோடு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது இந்த மேசை. இவன் பேசுகிற வரைக்கும் அவன் வருவான், கொழும்பில் நிற்பான், விமானம் ஏறுவான்.

“பின்னறை,” என்றான் பேரின்பநாதன். “வெளிச்சம் வரும். குளிர்தான் அவனுக்குச் சரிவராது. வந்தவுடனை ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கவேணும். அவன் இப்ப என்ன உயரம் இருப்பான்?”

“உங்களிலும் பாக்க உயரம்.”

“என்னிலும் பாக்கவோ!”

“இன்னும் கொஞ்சம் போடட்டோ?”

“போதும் பத்மா.”

“கொஞ்சம். சூடாக் கிடக்கு.”

அவள் போட்டாள். அவன் தின்றான். ஆட்டுக்கு ஓலை வெட்டப் போய் யோகன் பனையிலிருந்து விழுந்த கதையைச் சொன்னான். அவளுக்கு அது தெரிந்த கதை. தெரியாதது மாதிரிக் கேட்டாள். பிறகு என்ன செய்தவன் என்று கேட்டாள். நடுவில் ஓரிடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவது தரம் போட்டதும் முடிந்தது. மூன்றாவதுக்குக் குழலில் மா இல்லை. அவன் கோப்பையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தான்.

அப்போதுதான் அவள் முன்னால் கோப்பை இல்லாததைக் கண்டான்.

“நீர் சாப்பிடேல்லையோ?”

அவள் அவனுடைய கோப்பையை எடுத்தாள்.

“நீங்கள் எழும்பிக் கையைக் கழுவுங்கோ,” என்றாள். “நான் சொல்லுறன்.”